இரண்டையும் வைத்துக்கொள்

லிஃப்ட் பழுது பார்ப்பவரின் மனைவி தன் கையடக்க ஆர்கனைசரைக் கணினியோடு இணைத்துப் பொத்தானை அழுத்திய செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அவளுக்கு இரண்டு கணவர்கள். அதே வாரம் செம்புக் கம்பியின் விலையும் ஏறியது. தெருவில் கம்பி விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அவளைத் தெருவில் பென்சிலக்கா என்பார்கள். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும்; ஆர்கனைசர் வந்த பிறகு அந்த இடத்தில் அதன் குச்சிப் பேனா ஏறிக்கொண்டது, பெயர் மட்டும் மாறவில்லை. கணவர் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பார்ப்பார், அவள் ஃபோனைப் பார்ப்பாள், தொழில் என்றால் அவ்வளவுதான். முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, கிரீஸ் வாசனை அடிக்கும் அலமாரி, இரண்டு வாய் குடிப்பதற்குள் ஃபோன் அடித்து ஆறிப்போகிற டீ. உள்ளங்கை அகலத்தில் சாம்பல் திரையோடு இருந்த அந்தக் கருவிக்குள் ஊரில் பாதிப் பேரை ஏற்றிவைத்திருந்தாள். பெயர், விலாசம், அதோடு ஒரு குறிப்பு. இந்தக் கட்டடத்துச் செயலாளருக்குக் காது மந்தம், இடது பக்கமாக நின்று பேசவும். அந்தக் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கதவைச் சாத்தும், அவசரப்படுத்த வேண்டாம். மாமியார் ஒருநாள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை பேரை இதுக்குள்ள அடைச்சு வச்சிருக்கியே, மூச்சு முட்டாதா?" என்று கேட்டாள்.

கருவியில் எழுதியதைக் கம்பி வழியாகக் கணினிக்கு அனுப்பி, இரண்டையும் ஒன்றுபோல வைத்திருக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். முதலில் வாரம் தவறாமல் செய்தாள். பிறகு எலி கம்பியைக் கடித்துவிட்டது. புதுக் கம்பி வாங்க நேரம் வாய்க்காமலே ஆறு மாதம் ஓடிப்போயிற்று.

அந்த ஆறு மாதமும் நல்ல மாதங்கள் இல்லை. ஊரின் ஒரு கோடியில் கணவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்றிருந்த நேரத்தில், மறு கோடியில் ஐந்தாம் மாடி டீச்சரம்மா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். கணவர் போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தபோது டீச்சரம்மா காய்கறிப் பையின் மேலேயே உட்கார்ந்து தூங்கிப்போயிருந்தார். அவர் ஒன்றும் திட்டவில்லை. அதுதான் கணவருக்குத் தாங்கவில்லை. "எனக்கு என்ன ரெண்டு உடம்பா இருக்கு?" என்று வீட்டுக்கு வந்து கேட்டவர், அன்றோடு விசிலடிப்பதை நிறுத்தினார். டீச்சரம்மாவின் கட்டடம் கைவிட்டுப் போனது. அதைப் பார்த்து இன்னும் சில கட்டடங்கள் போயின. கணவருக்கு முழங்காலில் வலி வந்தது. முன்பல் ஒன்று ஆடி, பிடுங்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் பெரிய கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, மிச்சமிருக்கும் லிஃப்டுகளையும் எடுத்துக்கொள்கிறோம், உங்களையும் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகவே சொன்னார். கணவர் தலையாட்டிவிட்டார். ஒன்றாம் தேதி கையெழுத்து.

படி ஏறி, மணி அடித்து, நிற்கவைத்துப் பேசியவர்களிடமெல்லாம் சிரித்து, ஒவ்வொரு கட்டடமாகப் பிடித்தவள் பென்சிலக்கா. வாசலில் தொங்கும் தகரப் பலகையில் பெயின்ட் அடித்ததும் அவள்தான். அந்தப் பலகை இறங்குவதில் அவளுக்குச் சம்மதமில்லை. ஆனால் மனிதர் மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறாள். அதனால் தடுக்கவில்லை. பெயர்கள் எல்லாம் கணினியில் வேண்டும் என்று கம்பெனி கேட்டதால்தான் புதுக் கம்பியே வாங்கினாள்.

பொத்தானை அழுத்தியதும் பெயர்கள் வரிசையாக ஓடி, ஒன்றில் வந்து நின்றன. இந்தப் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது, கணினியில் உள்ளதை வைத்துக்கொள்ளவா, கருவியில் உள்ளதை வைத்துக்கொள்ளவா, இரண்டையும் வைத்துக்கொள்ளவா என்று திரை கேட்டது. கணவரின் பெயர். கணினியில் அவள் எப்போதோ எழுதியிருந்தாள்: விசிலடிப்பார், எப்போது கூப்பிட்டாலும் போவார், மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. கருவியில் போன வாரம் மாற்றியிருந்தாள்: முழங்கால் வலி, விசில் இல்லை, ஒன்றாம் தேதி கையெழுத்து. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு பெயரையும் அவள் அழித்ததில்லை. காலமாகிவிட்ட வாடிக்கையாளர்கள்கூட அதில் பத்திரமாக இருந்தார்கள். இரண்டையும் வைத்துக்கொள் என்பதை அழுத்தினாள்.

கணினிக்குப் பின்னாலிருந்து விசில் சத்தம் வந்தது. பிறகு ஆள் வந்தார். எப்போதோ கிழிந்து துடைக்கிற துணியாகிவிட்ட நீலச் சட்டை அவர் உடம்பில் கிழியாமல் இருந்தது, வாயில் முன்பல் இருந்தது. "டீ இருக்கா?" என்று கேட்டார். குளியலறைக் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா நீ?"

"நீ யாருய்யா? என் பிளேடை எடுத்து உன் இஷ்டத்துக்கு வழிச்சிட்டு இருக்கே."

மாமியார் வந்து இரண்டு பேர் காதையும் மடக்கி, பின்னால் இருந்த தழும்பைப் பார்த்தாள். இரண்டிலும் இருந்தது. "பெத்தது ஒண்ணு, வளர்ந்து நிக்கிறது ரெண்டு. ஒரு பிரசவம் மிச்சம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். பென்சிலக்கா "என்னங்க" என்று கூப்பிட்டால் இரண்டு தலைகளும் திரும்பின. அந்த வாரத்துக்குள் தெருவே பல்லுள்ளவர், பல் போனவர் என்று பிரித்துக் கூப்பிடப் பழகிவிட்டது. யார் எங்கே படுக்கிறார்கள் என்று சிலர் விசாரிக்காமல் இல்லை. அவள் அதையும் ஆர்கனைசரில்தான் குறித்து வைத்திருந்தாள், அந்தப் பக்கத்துக்கு மட்டும் கடவுச்சொல் போட்டு.

பல்லுள்ளவருக்கு அந்த ஆறு மாதம் நடக்கவே இல்லை. கையெழுத்து விஷயம் அவருக்குச் சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்தது. கையைக்கூடக் கழுவாமல் வாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பலகையை இறக்கிட்டு இன்னொருத்தன்கிட்ட கை கட்டி நிக்கப் போறியா?"

"நீ பேசாம சாப்பிடு. அந்த அம்மா பை மேல உக்காந்து தூங்குனதை நீ பாக்கலை."

"பாக்கலைதான். நான் அன்னைக்கு இல்லை."

"அதான் சொல்றேன், உனக்குத் தெரியாது."

"யோவ், நான் இல்லாததாலதானேய்யா அது நடந்துச்சு. இப்பத்தான் இருக்கேனே."

பல் போனவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆனாலும் கொடுத்த வாக்கு என்று ஒன்று இருந்தது. ஒன்றாம் தேதி டை கட்டியவர் காகிதங்களோடு வந்தபோது பல் போனவர் தலை சீவி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பென்சிலக்கா பேனா இல்லை என்றாள். டை கட்டியவர் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். பேனா காகிதத்தைத் தொடும்போது ஊர் முழுக்க மின்சாரம் போனது, வந்தது, மறுபடி போனது, பல்லி கத்துவதுபோல ஒரு சத்தத்தோடு திரும்பவும் வந்தது. ஊரில் ஓடிக்கொண்டிருந்த லிஃப்டுகள் எல்லாம் அந்தந்த இடத்தில் நின்றுவிட்டன. பிறகு ஃபோன் அடிக்க ஆரம்பித்தது.

அவள் கொண்டையிலிருந்து குச்சியை உருவினாள். முதலில் பத்திரிகைக்காரர் வீட்டு லிஃப்ட், அடுத்து பல் டாக்டரின் கட்டடம், அடுத்து எங்கள் லிஃப்டைப் பார்க்கிற பெரிய கம்பெனியில் ஃபோனை எடுக்கவே ஆள் இல்லை என்று அழாக்குறையாகச் சொன்ன ஒரு புதுக் கட்டடம். டை கட்டியவரின் ஃபோனும் விடாமல் அடித்தது. அவர் எடுத்துப் பார்ப்பதும் பையில் போடுவதுமாக நின்றார். பல்லுள்ளவர் விலாசம் எழுதத் தாள் தேடி, கைக்கு அகப்பட்ட ஒப்பந்தத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக் கிழித்துக்கொண்டு, கிழக்குப் பக்கம் கிளம்பிவிட்டார். அடுத்த அழைப்பு டீச்சரம்மாவுடையது. பென்சிலக்கா ஃபோனைப் பல் போனவரின் காதில் வைத்தாள். அவர் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவை மூடி, "இந்தாங்க சார், இது உங்களுது" என்று கொடுத்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டினார். முழங்கால் வலியோடுதான் ஓடினார், ஆனால் ஓடினார். கதவைத் திறந்தபோது டீச்சரம்மா நின்றுகொண்டே இருந்தார். "இன்னும் உக்காரக்கூட இல்லை, அதுக்குள்ள வந்துட்டீங்களே" என்றார். திரும்பி வருகிற வழியில், பல் போன இடைவெளி வழியாக விசிலடிப்பது முன்னைவிடச் சுலபமாக இருப்பதை அவர் கண்டுபிடித்தார்.

பொழுது சாய்வதற்குள் ஊரில் ஒருவரும் லிஃப்டுக்குள் இல்லை. போன கட்டடங்கள் திரும்பின, போகாதவை உறவுக்காரர்களின் கட்டடங்களைக் கூட்டிவந்தன. வருடங்கள் ஓடின. கிழக்கு பல்லுள்ளவருக்கு, மேற்கு பல் போனவருக்கு. தகரப் பலகை மழையில் துருப்பிடித்து, அதைவிடப் பெரிய பலகை வந்தது. டை கட்டியவர் பெரிய கம்பெனியை விட்டு வந்து இவர்களிடமே கணக்கு எழுதச் சேர்ந்தார். டையை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் மென்பொருள் ஒரே பெயர் இரண்டு இருக்கிறதே, சேர்த்துவிடவா என்று கேட்கும். வேண்டாம் என்பாள்.

ஃபோன் மட்டும் ஒருத்தி கையில்தான் இருந்தது. அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். டீ ஆறியது, சூடு பண்ணினாள், மறுபடி ஆறியது. ஒரு மத்தியானம் அவள் குளிக்கப்போன நேரத்தில் இரண்டு கணவர்களும் கருவியைத் துழாவிப் பார்த்துவிட்டுத் திகைத்தார்கள். ஊரே இருந்த அதில் அவள் பெயர் இல்லை. பல் போனவர் கருவியில் ஏற்றினார்: கோபக்காரி, மறதி கிடையாது, பேனாவை ஒளித்து வைப்பாள். பல்லுள்ளவர் கணினியில் ஏற்றினார்: ஃபோனைக் கீழே வைத்தால் பாடுவாள், எதையும் தூக்கிப்போட மாட்டாள். அப்புறம் எது சரி என்று சண்டை வந்தது.

"பாடுறதாவது. நான் கேட்டதே இல்லை."

"நீ வீட்டுல இருந்தாத்தானே கேக்குறதுக்கு."

மாமியார் உள்ளேயிருந்து, "ரெண்டும்தான்டா அவ. சும்மா அழுத்துங்க" என்றாள்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு பென்சிலக்கா முன்னறைக்கு வந்தபோது மேசையில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் கொண்டையில் பழைய பென்சில் இருந்தது. மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். ஃபோன் அடித்தது.

"நான் எடுக்கவா?"

"எடு. கிழக்குன்னா பல்லுள்ளவர்கிட்ட சொல்லு."

அவள் எடுத்தாள். இவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு டம்ளரை எடுத்தாள். டீ சூடாக இருந்தது. கடைசி வாய் வரைக்கும் சூடாகவே இருந்தது.