மேஸ்திரி இன்னும் விழுந்து முடிக்கவில்லை

டைல்ஸ் மேஸ்திரி கட்டிலிலிருந்து இறங்கும்போது விழ ஆரம்பித்து ஐந்து வருடமாகிறது. இன்னும் தரையைத் தொடவில்லை. மதியத் தூக்கத்தில் இருந்தார், வாசல் மணி அடித்தது, விருட்டென்று எழுந்து, இல்லாத வலது காலைத் தரையில் ஊன்றினார். கால் போனவர்கள் தூக்கக் கலக்கத்தில் ஒரு தடவையாவது செய்கிற தப்பு அது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். எழுந்ததும் கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார வேண்டும், ஊன்றுகட்டைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், தரையில் ஈரம் கூடாது, கால்மிதி கூடவே கூடாது. மனைவி எல்லாவற்றையும் செய்திருந்தாள். கால்மிதிகளைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள், குளியலறைச் சுவரில் கைப்பிடி அடிக்க வைத்தாள், கட்டைகளின் அடியில் தேய்ந்துபோன ரப்பரைக்கூட மாற்றினாள். அன்றைக்குக் கட்டில் பக்கம் துடைப்பதற்காகக் கட்டைகளை எடுத்துக் கதவோரம் சாய்த்தவள், பால் பொங்கும் வாசனை வரவே அடுப்படிக்கு ஓடினாள். திருப்பி வைக்க மறந்துபோனாள்.

திரும்பி வந்தபோது அவர் சாய்ந்துகொண்டிருந்தார். "நில்லுங்க!" என்று கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து மேஸ்திரி அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டவரில்லை. சர்க்கரை இருக்கிறது, வெறுங்காலோடு வேலை பார்க்காதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள், கேட்கவில்லை, டைல்ஸ் சில்லு குத்தி, புண் புரையோடி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் சொல்லைக் கேட்டார், அதுவும் பாதிதான். விழுவது நிற்கவில்லை, மெதுவானது. இடது கால் விரல்கள் மட்டும் தரையில், உடம்பு பலகை மாதிரி சாய்ந்து, கைகள் முன்னால் நீண்டு, மொட்டைக் கால் நேராகத் தரையைக் குறி பார்த்தபடி அப்படியே இருந்தார்.

மணி அடித்தவர் செயற்கைக் கால் செய்கிறவர். அளவெடுக்க வந்திருந்தார். வந்த வேலையைக் கெடுப்பானேன் என்று குனிந்து உட்கார்ந்து அளவெடுத்துக்கொண்டார். தையல் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த முனை தரையில மோதக்கூடாது. மோதினா தையல் பிரியும், திரும்பவும் இன்னும் மேல வெட்டி எடுப்பாங்க. மூட்டு இருக்கிற வரைக்கும் நடந்துடுவாரு. மூட்டு போச்சுன்னா ரொம்பக் கஷ்டம்" என்றார். மறுமாதம் காலைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்தினார். அது இன்றைக்கும் ஷூ போட்டுக்கொண்டு அங்கேதான் நிற்கிறது. அவள் வாரம் தவறாமல் அதற்குப் பாலிஷ் போடுகிறாள்.

மேஸ்திரியின் தம்பி வந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். சுவரைத் தூக்குவது போலிருந்தது. அவருக்குத்தான் முதுகு பிடித்துக்கொண்டது. சரி, கீழே மெத்தை விரிக்கலாம் என்றார்கள். விரித்தார்கள். காலையில் பார்த்தால் மெத்தை கல்லாகியிருந்தது, தட்டினால் டைல்ஸ் மாதிரியே ஓசை. பஞ்சு, ரப்பர், வைக்கோல், எதைப் போட்டாலும் ஒரு ராத்திரிதான். கல்லான மெத்தைகளில் ஒன்றைக் கொல்லையில் துணி துவைக்கப் போட்டிருக்கிறார்கள், நன்றாகவே அழுக்குப் போகிறது. வாசல் மணியையும் கழற்றிவிட்டார்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

மேஸ்திரி சாய்ந்த வாக்கிலேயே சாப்பிட்டார், தூங்கினார், தான் பதித்த தரையைத் தானே பார்த்துப் பார்த்துக் குறை சொன்னார். "நாலாவது வரிசை கோணியிருக்கு. இவ்வளவு கிட்ட வந்தாத்தான் தெரியுது." தலை நரைத்தது, தையல் மட்டும் முதல் நாள் போலச் சிவப்பாகவே இருந்தது. முதல் வருடம் மொட்டைக் காலுக்குக் கீழே ஒரு ஸ்டூல் நுழையும். பிறகு குடம் நுழைந்தது. அப்புறம் சொம்புக்குத்தான் இடமிருந்தது. மனைவி சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கிறவள். ஒவ்வொரு சாயங்காலமும் வேலை விட்டு, இன்றைக்கு விழுந்திருப்பாரோ என்று ஓடிவருவாள். கண்ணெதிரே ஒரு மனிதர் விழுகிறார், பிடிக்க முடியவில்லை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கொடுமையை அவளால் யாரிடமும் சொல்லி அழக்கூட முடியவில்லை.

சொம்பும் நுழையாமல் போன அன்று, மொட்டைக் கால் இறங்கும் இடத்தில் தன் வயிறு வருகிற மாதிரி அவள் தரையில் மல்லாந்து படுத்தாள்.

"எந்திரி. மேல விழுந்துடப் போறேன்."

"விழுங்க."

"வயித்துல அடிபடும்."

"படட்டும். கட்டைய நகர்த்தினது நான்தானே."

"மணி அடிச்சதும் எந்திரிச்சது நான்தானே" என்றார்.

விடிந்ததும் அவள் முதல் வேலையாகத் தன் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தாள். வலித்தது. கல்லாகவில்லை.

இப்போது பட்டன் வேலையை வீட்டுக்கே வாங்கி வந்து, படுத்தபடியே தைக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் தரையில் உட்கார்ந்து இருவரிடமும் பேசிவிட்டுப் போகிறார்கள். சோறு வடிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் அவள் எழுந்துதானே ஆக வேண்டும். எழும்போதெல்லாம், "நில்லுங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இதுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.