சூசையம்மாவின் கழுத்தில் ஏறிய மயிர்க்கொட்டி

மே மாதத்து ஞாயிறு பூசைக்கு மாதா சொரூபத்தைச் சோடிக்கவென்று, அல்பேட் தான் வேலை செய்யும் இத்தாலிய வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் கேட்டு அவள் மொட்டைமாடி ரோசாக் கிளைகளை வெட்டிவந்திருந்தான். பாடகர் குழுவுக்குப் பக்கத்து உயரமான சாடியில் அவற்றைச் செருகிவிட்டு, கீபோர்டின் முன் போய் உட்கார்ந்தான்.

கடைசிப் பாட்டு சூசையம்மாவுக்கு. மன்னார்க்காரி. நகரத்தின் சீசாப் பகுதியில் படுக்கையாய்க் கிடக்கும் ஒரு கிழவியைப் பராமரிக்கிறாள். அவள் குரல் எடுத்தால் பின்வாங்கில் கதைத்துக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடிவிடுவார்கள்.

இரண்டாம் சரணத்தில் அல்பேட் நிமிர்ந்து பார்த்தான். சாடியிலிருந்த கிளையொன்று அவள் தோளில் உரசிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கிய மயிர்க்கொட்டிப் புழு ஒன்று, சேலைக்கரையைத் தாண்டி அவள் கழுத்தில் ஊர்ந்தது. அவன் விரல் பிழையான கட்டையில் விழுந்தது.

அவளுக்குத் தெரியாமலில்லை. கழுத்து ஒருமுறை விறைத்தது. ஊர்ந்த வழியெல்லாம் தோல் சிவந்து தடித்தது. இப்போது தட்டிவிடப் போகிறாள், பாட்டு அறுந்துவிடும் என்று அவன் பயந்தான். சூசையம்மாவோ கையை அசைக்கவேயில்லை. மேலே ஏறும் கடைசி அடியை, மூச்சு உடையாமல், இழுக்கவேண்டிய அளவுக்கு இழுத்து முடித்தாள். பிறகுதான் கை கழுத்துக்குப் போனது.

"தொடாதேங்கோ அக்கா!" என்று பாய்ந்த அல்பேட், பாட்டுத்தாளை நீட்டிப் பூச்சியை அதில் ஏற்றினான்.

அவன் மனைவி அனிற்றா சோடனைக்குக் கொண்டுவந்திருந்த செலோடேப்பை எடுத்து, தடித்த இடங்களில் மெல்ல ஒட்டி ஒட்டி உரித்தாள். கண்ணுக்குப் பிடிபடாத முடிகள் டேப்போடு வந்தன.

"சொறியாதேங்கோ அக்கா. தேய்ச்சால் முடி உள்ளுக்கை போயிடும். தண்ணியை மட்டும் ஊத்துவம்."

"நெருப்பு வைச்ச மாதிரி எரியுது பிள்ளை."

"அப்ப ஏன் நிப்பாட்டேல்லை?" என்றான் அல்பேட்.

"மாதாவுக்குப் பாடேக்கை இடையிலை நிப்பாட்டுறதோ?" என்றாள், அதுவும் ஒரு கேள்வியா என்பதுபோல.

தபேலா வாசிக்கும் றோபேட் அதை அடிக்கச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"விடும் றோபேட். கடிபட்டவள் நான். முதல்லை வடிவைப் பாரும்."

எல்லோரும் தாளின் மேல் குனிந்தார்கள். முதுகில் வரிசையாக நாலு மஞ்சள் குஞ்சங்கள், அளவாய்க் கத்தரித்து நட்டதுபோல். தலையின் இரு பக்கமும் கொம்பாய் நீண்ட கறுத்த முடி. உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டு. தன்னைச் சுற்றி இவ்வளவு முகங்கள் இருந்தும் அது அவசரப்படாமல் தாளின் விளிம்பைத் தேடிப் போனது.

"எங்களைவிட வடிவாச் சோடிச்சுக்கொண்டெல்லோ பூசைக்கு வந்திருக்கு," என்றாள் சூசையம்மா. றோபேட் சிரித்துக்கொண்டே சப்பாத்தைப் போட்டுக்கொண்டான்.

அல்பேட் அதைக் கிளையோடு ஒரு வெறும் போத்தலில் விட்டு, பஸ் ஏறி, ஒரேத்தோ ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு முட்பற்றைக்குள் விட்டுவிட்டு வந்தான்.

பின்னேரம் மனது கேளாமல் போன் எடுத்தான்.

"எப்படியக்கா இருக்கு?"

"தடிப்பு வத்தியிட்டுது. தம்பி, வாற கிழமை சுருதியை அரைக்கட்டை கூட்டி வாசிப்பீரோ? எனக்கு இன்னும் மேலை போகலாம் போலை கிடக்கு."

"ஓம் அக்கா," என்றான். உடனே போய்க் கீபோர்டைத் திறந்தான்.