நாலாவது படகு

பெரிய சிவப்புப் பொத்தானின் மேல் சின்னவளின் கை பொத்தென்று விழுந்தது. திரையில் ஒரு காகிதப் படகு கரையை விட்டு நகர்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் யாரோ துரத்துகிற மாதிரி வரிசையாக, மொத்தம் ஏழு. சித்தி கேட்டது என்னவோ மூன்றுதான்.

ஐந்து வயதுக்காரிக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டுவாள். மொத்தம் பதினாலு சிமிட்டல், படியும் பதினாலுதான். ஆனால் அது வெளியாட்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு சொல் வாயை விட்டு வர ஒரு யுகம் ஆகும். கை அதைவிட மோசம். விழுவதென்றால் தானாக விழும். விறைத்த விரல்களைத் தூக்குவதற்குள் உயிர் போய்விடும். போன வாரம் இதே விளையாட்டை வைத்துப் பார்த்த டீச்சர், "எண்ணிக்கை வரலையேம்மா" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார். நாளைக்கு இன்னொரு வாய்ப்பு. அதையும் கோட்டைவிட்டால் ஒன்றாம் வகுப்பு கிடையாது.

அக்கா மகளுக்காகக் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டைச் செய்ததே சித்திதான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மூணு படகு விடுன்னா ஏழு விடுறியேடி, சீமாட்டி!"

சின்னவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் நீலம் அவள் கன்னத்தில் மெல்ல அசைந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் சொற்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

"நான்... இன்னும்... விடல."

சித்தி அந்தக் கையைப் பார்த்தாள். அது இன்னும் பொத்தானின் மேலேயே கிடந்தது. அட மண்டூகமே என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள். விடு என்றால் பொத்தானை விட்டுக் கையை எடுப்பது என்று குழந்தை சரியாகத்தான் பிடித்திருக்கிறது. இவளோ, பொத்தான் அழுந்தியிருக்கும்வரை படகுகள் போய்க்கொண்டே இருக்கும்படி செய்துவைத்திருக்கிறாள். அன்று சாயங்காலமே மாற்றினாள். அழுத்தினால் படகு கரையில் வந்து நிற்கும். கையை எடுத்தால்தான் போகும்.

மறுநாள் டீச்சர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். "மூணு படகு விடு, கண்ணு."

ஒன்று. அந்தக் கை எழும்புவதற்குள் ஜன்னல் வெயில் மேஜை விளிம்பைத் தாண்டிவிட்டது. இரண்டு. அறையில் எல்லோரும் படகின் வேகத்துக்கே மூச்சு விட்டார்கள். மூன்று. சித்திக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது.

வெளியே யாரோ கதவைப் படாரென்று சாத்தினார்கள். தூக்கிவாரிப்போட்டதில் சின்னவளின் கை மறுபடி பொத்தானில் விழுந்தது. நாலாவது படகு கரையில் வந்து நின்றது. கையை எடுத்தால் அதுவும் போய்விடும். டீச்சரின் பேனா தாளை நோக்கி இறங்கியது.

விறைத்த தோள் சின்னவளின் கையைத் தானாகவே பின்னுக்கு இழுத்தது. அவள் குனிந்து, மோவாயைக் கையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். முகம் குப்பென்று சிவந்தது.

"கையை எடுத்துக்கலாம்டா," என்றார் டீச்சர்.

"மாட்... டேன்."

"ஏன்டா?"

எல்லோரும் காத்திருந்தார்கள். டீச்சரும்தான்.

"நா... லா... யிடும்."

பேனா அந்தரத்திலேயே நின்றது. மோவாய்க்குக் கீழே கை பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. நீலத் தண்ணீரின் ஓரத்தில், போகாத படகு ஆடிக்கொண்டே இருந்தது.