பொம்மை என்று எழுத மறுத்தவன்

சுங்க அலுவலக வராந்தாவில் அந்தோணி எனக்கும் என் மகனுக்கும் கடைசியாக ஒருமுறை பாடம் எடுத்தான். இறக்குமதிச் சரக்கை விடுவித்துத் தரும் ஏஜென்ட் அவன். புனே தாபோடியில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸுக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவன்.

"சார், உள்ள போனதும் காலேஜ்ல கிளாஸ் எடுக்கிற மாதிரி ஆரம்பிச்சிராதீங்க. அந்தம்மா கேட்டதுக்கு மட்டும் பதில். பத்ரி, நீ மன்னிப்பு கின்னிப்பு கேக்காத. கேட்டா குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி."

"குத்தம் பண்ணினாத்தானே ஒத்துக்கறதுக்கு?" என்றேன்.

"இதையும் உள்ள சொல்லாதீங்க."

என் மகன் பத்ரிநாத்துக்கு ஔந்தில் கடை. அந்த வருஷம், 2003இல், தைவானிலிருந்து குழந்தைகளுக்கான எலெக்ட்ரானிக் சாதனங்களை வரவழைத்திருந்தான். சின்ன லேப்டாப் போல இருக்கும். எழுத்தை அழுத்தினால் அதன் பெயரைச் சொல்லும், கூட்டல் கணக்குக் கேட்கும், விடை சரியென்றால் கைதட்டும். நாற்பது அட்டைப்பெட்டிகள். எல்லாக் காகிதத்திலும் 'எலெக்ட்ரானிக் கற்பிக்கும் கருவி' என்றிருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, இது பொம்மை என்று சொல்லிச் சரக்கை நிறுத்திவிட்டார். சுங்க அட்டவணையில் இரண்டும் வேறு வேறு இனம். பொம்மைக்கு வரி அதிகம்.

அதிகப்படி வரியைக் கட்ட பத்ரி தயாராகத்தான் இருந்தான். ஆனால் வந்த நோட்டீஸில் இன்னொரு வாக்கியம் இருந்தது: வரியைக் குறைப்பதற்காக வேண்டுமென்றே பொருளின் பெயரை மாற்றிக் காட்டினார் என்று. அது உத்தரவில் ஏறினால் சரக்கு பறிமுதலாகும். அதுகூடப் பெரிதில்லை. எங்கள் வீட்டில் ஒருவன் மோசடிக்காரன் என்று அரசாங்கமே எழுதி முத்திரை வைத்துவிடும். என் தகப்பனார் தலைமையாசிரியர். நான் ராணுவப் பொறியியல் கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் கற்பித்தவன். அந்த வாக்கியத்தை எடுக்க வைக்கத்தான் நானும் உடன் போனேன்.

உதவி ஆணையருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நஸ்ரின் அகமது என்று பெயர்ப்பலகை. பியூனிடம் சுத்தமான ஹிந்தியில் டீ சொன்னார், எங்களிடம் ஆங்கிலம். லக்னோ பக்கம் என்று நானாகவே முடிவுசெய்துகொண்டேன்.

பத்ரியின் கையெழுத்தோடு சீல் வைத்திருந்த மாதிரிப் பொருளைப் பிரித்து, அவரே ஸ்விட்சைப் போட்டார். அது பாட ஆரம்பித்தது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். 'அடடா! மறுபடி முயற்சி செய்!' என்று குதூகலமாகக் கத்தியது. பியூன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை.

"எந்தப் பள்ளிக்கூடம் இதை வாங்குகிறது?"

"பள்ளிகள் இல்லை மேடம். பெற்றோர்கள்," என்றான் பத்ரி.

"கடையில் இதற்குப் பக்கத்துத் தட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்?"

"கார். பொம்மைக் கார்."

அவர் ஃபைலைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். "தயாரித்தவருடைய கேட்லாக் இதைப் பொம்மை என்கிறது. உங்கள் முதல் ஆர்டரும் பொம்மை என்றே சொல்கிறது. மறுநாள் நீங்கள் அனுப்பிய ஒரு ஃபேக்ஸ். அந்தச் சொல்லை எல்லாக் காகிதத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள், கற்பிக்கும் கருவி என்று போடுங்கள் என்று. ஏன்?"

அந்த ஃபேக்ஸை அந்தோணி பார்த்ததில்லை. ஃபைலைத் தன் பக்கம் இழுத்துப் படித்தான்.

புனேயில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்றால் தமிழுக்கு மாறிவிடுவோம். லக்ஷ்மி ரோடில் புடவைக்காரன் சொல்லும் விலையை அவன் எதிரிலேயே பகல்கொள்ளை என்பாள் என் மனைவி பாமா, சிரித்த முகத்தோடு. பத்ரியும் அப்படித்தான் என் பக்கம் திரும்பினான்.

"அப்பா, சொல்லிடட்டுமா?"

"வாயை மூடிண்டு இரு."

"நீங்கதானே மாத்தச் சொன்னேள்? காகிதமெல்லாம் ஆத்து விலாசத்துக்கு வரும், பொம்மைக் கடைக்காரன்னு தெரிஞ்சா சம்பந்தி என்ன நினைப்பார்னு குதிச்சேளே. வரி எவ்வளவுன்னு அன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

"அதைப் போய் இங்க சொல்லச் சொல்றியா? அந்தம்மா சிரிப்பா. அபராதம்னா போட்டுட்டுப் போகட்டும்."

"அபராதம் என் பேர்லப்பா. மோசடின்னு என் பேரைத்தான் எழுதுவா. உங்க பேரை இல்லை."

மேஜைக்கடியில் அந்தோணி என் காலை மிதித்தான். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"ஃபேக்ஸ் அனுப்பச் சொன்னது நீங்களா சார்?"

தமிழில் கேட்டவர் நஸ்ரின் அகமது.

"இதுக்குத்தான் சார் மிதிச்சேன். பேர்ப்பலகைக்குப் பின்னாடி தமிழ் பேப்பர் இருக்கு," என்று முணுமுணுத்தான் அந்தோணி.

"எனக்கு ஆம்பூர்," என்றார் அவர். "நீங்க பேசினது கேட்டுச்சு. ஆனா காதுல விழுந்ததை வச்சு நான் உத்தரவு போட முடியாது. ஃபைல்ல இருக்கிறது உங்க பையனோட ஃபேக்ஸ் மட்டும்தான்."

"நான் என்ன செய்யணும்?"

"ஏன் மாத்தச் சொன்னீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடலாம். நம்புறதா வேண்டாமான்னு படிச்சிட்டுத்தான் சொல்வேன். அது உத்தரவுலயும் வரும், நகல் நாலு ஆபீசுக்குப் போகும். கட்டாயம் இல்ல."

பத்ரி என்னைப் பார்க்காமல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் காகிதம் கேட்டேன். கல்வித்துறையில் எங்கள் குடும்பத்துக்கு உள்ள அந்தஸ்தைக் கருதி மேற்படிச் சொல் தவிர்க்கப்பட்டது என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதுல யார் செஞ்சாங்கன்னு இல்ல. ஏன்னும் இல்ல."

பியூன் வந்து டீ கிளாஸ்களை எடுத்துப் போனான். பிறகு எழுதினேன். 'என் மகன் பொம்மை விற்பது எனக்கு அவமானமாக இருந்தது. சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாமலிருக்க, அந்தச் சொல்லை எடுக்கும்படி நான் அவனைக் கட்டாயப்படுத்தினேன். வரியைப் பற்றி நாங்கள் இருவரும் நினைக்கவேயில்லை. ஜம்புநாதன்.'

"உங்க பையனும் படிச்சு, கீழ கையெழுத்துப் போடணும்," என்றார்.

பத்ரி படித்தான். மூன்று வாக்கியம் படிக்க அத்தனை நேரம் ஆகாது. கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை அவரிடம் கொடுத்தான், என் வழியாகக் கொடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடையிலிருந்து போன் செய்தான். உத்தரவு வந்துவிட்டது.

"பொருள் பொம்மைதான். வித்தியாசத்தைக் கட்டணும். வேண்டுமென்றே செய்ததுன்னு நிரூபணம் ஆகலையாம். சரக்கை விடச் சொல்லிட்டா."

"முழுசும் படி."

ஒவ்வொரு பத்தியாகப் படித்தான். பதினான்காவது வந்ததும் நிறுத்தினான்.

"அது நீங்க எழுதினதுப்பா. விட்டுடறேன்."

"விடாதே. படி."

படித்தான். கடையில் யாரோ விலை கேட்கும் சத்தம் பின்னால் கேட்டது. 'அவமானமாக' என்ற இடத்தில் அவன் குரல் தாழ்ந்தது. ஆனாலும் நிறுத்தாமல் என் பெயர்வரை படித்து முடித்தான்.