பெட்டியை முழுங்கும் விளையாட்டு

ஒத்திகை முடிந்து எல்லாரும் குழலுக்குள் தேங்கிய எச்சிலைத் தரையில் உதறிக்கொண்டிருந்தபோது, கேவின் தன் போனில் யாரோ எடுத்து அனுப்பிய ஒத்திகை வீடியோவை நோலீனின் மூக்குக்கு முன்னால் நீட்டினான். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஊர் பேண்டு செட்டுக்குத் தலைவர். முப்பத்தாறு வயதுக்கு அவன் பொறுமை கொஞ்சம் அதிகம்தான். திட்டித் தொலைத்தால்கூட நோலீனுக்கு இத்தனை உறைத்திருக்காது.

"நீங்களே பாருங்க நோலீன். என் கோல் இறங்கி முடிஞ்சப்புறம்தான் உங்க குச்சி இறங்குது."

பார்த்தாள். படம் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கோல் முந்தியது, குச்சி பிந்தியது. பின்வரிசையிலிருந்து பெரிய குழல்காரன் ராஸ், "நோல் போன புதன்கிழமை அடிச்சது இப்பதான் வந்து சேருது, விடுப்பா" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். முப்பத்தொரு வருஷமாக, போர்வீரர்களை நினைக்கும் ஆன்சாக் நாள் அணிவகுப்புக்கு டிரம் அடிக்கிறவள். பதக்கம் குத்திய கிழவர்கள் அவள் அடிக்குத்தான் கால் எடுத்து வைப்பார்கள். ஒரு தடவைகூட யாரும் இப்படிச் சொன்னதில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை அணிவகுப்புக்கு மட்டும் நீங்க ஜால்ரா பக்கம் போயிடுங்களேன்" என்றான் கேவின், அவள் முகத்தைப் பார்க்காமல். "கட்டாயமில்ல. பெட்டிய எடுத்துட்டுப் போங்க, வீட்ல வெச்சுப் பழகுங்க. சனிக்கிழமை ராத்திரிக்குள்ள சொன்னா போதும்."

பெட்டி என்றது இந்த வருஷம் புதிதாக வாங்கிய தாளப்பெட்டியை. சோப்பு டப்பா அளவு, முன்பக்கம் ஒரு பச்சை விளக்கு, உள்ளேயே ஸ்பீக்கர். தானாகவும் டிக் டிக் என்று அடிக்கும், ஒவ்வொரு டிக்குக்கும் விளக்கு எரியும்; புளூடூத்தில் போனோடு சேர்த்தால் போனில் இருப்பதையும் பாடும். கேவின் ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய வேகத்தைத் தன் போனில் வரிசையாக ஏற்றி வைத்திருந்தான். கணக்கு வாத்தியார் இல்லையா, எல்லாம் அட்டவணை. போன் அவன் முன்னால் ஸ்டாண்டில் மினுக்கும். அதைப் பார்த்து அவன் கோல் வீசுவான். பெட்டியை மட்டும் கடைசி வரிசையில், நோலீனின் டிரம் பக்கத்தில் வைத்திருந்தான். மற்றவர்கள் கோலைப் பார்க்க வேண்டும், நோலீன் பெட்டியைக் கேட்க வேண்டும். "யார் எப்படி ஓடினாலும் நீங்க பெட்டிய விட்டு நகராதீங்க" என்பது உத்தரவு. அவளும் நகரவில்லை. குழல்கள் தன்னை விட்டு முன்னால் ஓடுவது காதில் விழத்தான் செய்தது. ஆனாலும் பெட்டி சொன்ன இடத்தில்தான் அடித்தாள். அப்படியும் பிந்துகிறது என்றால் கோளாறு வேறு எங்கே இருக்கும், கையில்தானே?

கை என்று நினைத்ததுமே அண்ணன் டெஸ் வந்துவிடுவான். இந்த டிரம் அவனுடையதுதான். சின்ன வயதில் இரண்டு பேரும் சமையலறை மேசையில் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். சாவி கொடுக்கிற பழைய தாளப்பெட்டியை ஓடவிட்டு, அதன் டிக் மேலேயே குச்சியைப் போட வேண்டும். அடி சரியாக விழுந்தால் குச்சிச் சத்தம் டிக்கை மறைத்துவிடும், பெட்டி நின்றுபோன மாதிரி இருக்கும். இம்மி தப்பினாலும் இரண்டு சத்தம் கேட்கும். டிக் மறைந்ததும் "முழுங்கிட்டேன்!" என்று கத்த வேண்டும். டெஸ் வரிசையாக நாற்பது ஐம்பது முழுங்குவான், படுபாவி. அவன் டிரம்மில் ஒரு இழை பிந்த ஆரம்பித்தபோது வீட்டில் கேலிதான் செய்தார்கள். அடுத்த வருஷம் காபிக் கோப்பை நடுங்கியது. அதற்கடுத்த வருஷம் டாக்டர் நடுக்குவாதம் என்றார். இப்போது முதியோர் இல்லத்தில் யாராவது சட்டைப் பித்தான் போட்டுவிட வேண்டும்.

இரண்டு நாள் தாளப்பெட்டி பையை விட்டு வெளியே வரவில்லை. வியாழனும் வெள்ளியும் வெங்காயக் கிடங்கில் பெல்ட்டின் மேல் வெங்காயம் ஓடிக்கொண்டே இருந்தது. அழுகலைப் பொறுக்கி எறிகிற வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். இப்போது இடது கையிலிருந்து நழுவியதை எல்லாம் எண்ணினாள். வியாழன் ஆறு, வெள்ளி ஒன்பது. முன்னால் எத்தனை நழுவின என்று யார் எண்ணினார்கள்? கட்டைவிரலை உற்றுப் பார்த்தால் லேசாகத் துடிக்கிற மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் யாருக்குத்தான் துடிக்காது என்றும் தோன்றியது. பயமாக இருந்தது, அவ்வளவுதான். புருஷன் கிளாரியிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஷெட்டுக்குள்ளிருந்து கிளாரி கத்தினான். "நோல், இங்க வா! இந்தக் கருமத்தப் பாரு!"

போனைப் பெயிண்ட் டப்பாமேல் சாய்த்து வைத்து ஃபுட்டி கால்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தாளப்பெட்டி.

"யாரைக் கேட்டு என் பையில கை வெச்ச?"

"பையில சும்மாதானே கெடந்துச்சு. போன் சத்தம் பத்தல, ஸ்பீக்கர்னு இதுல சேர்த்தேன். அத விடு, ஆட்டத்தப் பாரு. உதைச்சு பந்து பறந்துடுது, அப்புறம் சாவகாசமா 'தொப்'புன்னு சத்தம் வருது. நடுவர் வாயில இருந்து விசிலயே எடுத்துட்டான், அதுக்கப்புறம் ஊதுது!"

நோலீன் குனிந்து பார்த்தாள். உதை. தொப். உதை. தொப். நடுவில் ஒரு கண் சிமிட்டும் நேரம். அந்த இடைவெளியை அவளுக்குத் தெரியும். புதன்கிழமை கேவின் காட்டிய படத்தில் கோலுக்கும் குச்சிக்கும் நடுவில் இருந்த அதே இடைவெளி.

அங்கேயே நின்று கேவினுக்குப் போன் போட்டாள். அவன் நம்பவில்லை. "பெட்டி இங்க இருக்கு, வந்து பாரு" என்றாள். பத்து நிமிஷத்தில் கார் வந்தது. தன் போனைப் பெட்டியோடு சேர்த்து, மினுக்குவதைப் பார்த்தான், டிக்கைக் கேட்டான், மறுபடி பார்த்தான். காது சிவந்துபோயிற்று.

"ஐயோ. போன்ல இருந்து சத்தம் இதுக்கு வந்து சேர நேரம் எடுக்குது. நான் வெளிச்சத்தப் பார்த்து வீசறேன், நீங்க சத்தத்தக் கேட்டு அடிக்கறீங்க. ஊரே முன்னால ஓட உங்கள மட்டும் கட்டிப் போட்டிருக்கேன். மன்னிச்சிருங்க நோலீன். வெள்ளிக்கிழமை டிரம் நீங்கதான்."

"நீயெல்லாம் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லித் தர்ற" என்றான் கிளாரி, சந்தோஷமாக. கேவின் ஒரு பீர் குடித்துவிட்டுப் போனான். பெட்டியை மட்டும் நோலீன் தரவில்லை, இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்றாள்.

ஞாயிறு காலை கிளாரி டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டான். "ஜெயிச்சுட்டல்ல? அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பெட்டி லேட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. நான் லேட்டா இல்லையான்னு தெரியலையே, கிளாரி."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். டெஸ்ஸின் பெயரை இரண்டு பேருமே சொல்லவில்லை. "சரி, நான் கோழிக்குத் தீனி போட்டுட்டு வரேன்" என்று எழுந்து போனான். வெளியே போகாமல் பின்கதவுப் படியிலேயே அவன் நின்றது அவளுக்குத் தெரியும்.

மேசையைத் துடைத்தாள். பழகுகிற ரப்பர் பலகையை வைத்தாள். புளூடூத்தை அணைத்தாள். இப்போது போனும் இல்லை, கேவினும் இல்லை. பெட்டி தன் டிக்கைத் தானே அடிக்க வேண்டும், சாக்குச் சொல்ல ஒன்றும் கிடையாது. அதில் ஒரு வசதி இருந்தது. எட்டு எண்ணிக்கைக்கு டிக் அடித்துவிட்டு அடுத்த எட்டுக்கு வாயை மூடிக்கொள்ளும், விளக்கும் அணைந்துவிடும். அந்த எட்டையும் நாம் தனியாகக் கடந்து, அது திரும்பி வரும்போது சரியாக எதிரே நிற்க வேண்டும். நிமிஷத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு அடியில் வைத்தாள், அணிவகுப்பு நடை.

முதல் சுற்று. பெட்டி மௌனமானது. ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் எட்டு முடிந்து குச்சியைப் போட்டாள். ட-டக். இரண்டு சத்தம். பிந்தினேனா, முந்தினேனா? இரண்டாவது சுற்று, மறுபடி ட-டக், ஆனால் இந்த முறை தெரிந்தது, முந்தியிருக்கிறாள். பயத்தில் ஓடுகிறாள். தோளைத் தளர்த்திக்கொண்டாள். இடது கையைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்தாள். உருளைக்கிழங்கு வயலில் யாரோ டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது சுற்று. வலது, இடது, வலது, இடது. எட்டு மௌனம். அப்புறமும் மௌனம். அடித்துக்கொண்டே இருந்தாள், அவள் குச்சிச் சத்தம் மட்டும்தான் சமையலறையில் கேட்டது.

கதவிடுக்கில் கிளாரியின் தலை தெரிந்தது. "என்ன நோல், சார்ஜ் போயிடுச்சா? பெட்டி நின்னுபோச்சே!"

அவள் நிறுத்தவில்லை. மேசைமேல் பச்சை விளக்கு அவளுடைய ஒவ்வொரு அடிக்கும் எரிந்து எரிந்து அணைந்தது.