ஆர்விட் அடைத்த தோட்டாக்கள்

ஆர்விட் செத்து ஒன்பது மாதம் கழித்து, ஏப்ரல் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, தன் பழைய துப்பாக்கியின் புகைக்குள் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டான். டென்பி ஊர் சுடுதளத்தில் அன்று இருந்த எல்லோரும் பார்த்தார்கள். மொன்டானாவின் கிழக்குக் கோடியில் காற்றுக்கு ஓய்வு கிடையாது. ஆகவே புகை உடனே கலைந்தது. கூடவே அவனும் முதலில் முழங்கால், பிறகு தோள், கடைசியில் தொப்பி என்று கோதுமை வயல் பக்கமாக இழுபட்டுப் போனான். துப்பாக்கிகள் நிரப்பியிருக்கும்போது சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டுக்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாது என்பது விதி. சுடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் வென்டல், "யாரும் சுடாதீங்கப்பா, ஆள் முன்னாடி நிக்கிறான்" என்று கத்தினான். கொஞ்ச நேரம் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "போயிட்டான், சுடுங்க" என்றான். வேறு என்னதான் சொல்வான், பாவம்.

அந்தத் துப்பாக்கி நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பட்டாளத்துச் சரக்கு. செத்துப்போன ஒரு பண்ணைக்காரனின் சாமான்களை ஏலம் விட்டபோது ஆர்விட் அதை எடுத்துவந்தான். குழல் துருப்பிடித்துச் சாக்கடைக் குழாய்போல இருந்தது, கட்டை பிளந்திருந்தது, பிளவுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. "இதுக்கு வேலிக்கம்பி வாங்கியிருந்தா மாடாவது வெளிய போகாம இருக்கும்" என்றாள் அவன் பெண்டாட்டி கோரா. அவன் சிரித்துக்கொண்டே அதைக் கீழ்த்தள அறைக்குக் கொண்டுபோனான். மூன்று குளிர்காலம் வெளியே பனி கொட்டக் கொட்ட, அவன் குழலைக் கொதிநீரில் வேகவைத்தான், துருவைச் சுரண்டினான், பிளந்த இடத்தில் அக்ரூட் மரத்துண்டைச் செதுக்கிப் பொருத்தினான், உள்ளங்கை சூடேறும்வரை ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்தான். இந்தக் காலத்துக் கடைத் தோட்டாவைப் போட்டால் அந்தக் கிழட்டு இரும்பு வெடித்துவிடும். அதனால் தோட்டாவையும் தானே செய்தான்: ஈயத்தை உருக்கி வார்த்து, தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் பூசி, நீளமான பித்தளைக் குழாய் வழியாகக் கருமருந்து என்கிற பழங்கால வெடிமருந்தைச் சொரிந்து இறுக்கி அடைத்தான். கோராவின் சூப்புக் கரண்டி ஒன்று அந்த வேலைக்குப் போனது போனதுதான். சனிக்கிழமைகளில் அவனும் அவன் சிநேகிதன் லயலும் ஐந்நூறு கஜத்துக்கு அப்பால் நிறுத்திய இரும்புக் காட்டெருமையைச் சுடுவார்கள். சுட்டுவிட்டு ஒரு மிடறு காப்பி குடித்தால்தான் 'டங்' என்ற சத்தம் திரும்பி வரும். ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் ஆர்விட் குழலுக்குள் ஊதி, மூச்சின் ஈரத்தால் கரியை இளக்குவான். கோரா அங்கே அதிகம் போனதில்லை. அந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது.

ஜூலையில் ஒரு சாயங்காலம் கோரா படியின் மேலிருந்து, "சாப்பாடு ஆறுது, வா" என்று கூப்பிட்டாள். கீழேயிருந்து பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். அன்றைக்கு முழுக்க அவன் மேலே வரவே இல்லை, அவளுக்குக் கோபம். எப்படியோ போ என்று தனியாகச் சாப்பிட்டாள், அவன் தட்டை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். காலையில் இறங்கிப் பார்த்தபோது அவன் மேசைமேல் தலை சாய்த்திருந்தான். மாரடைப்பு, சாயங்காலமே போயிருக்கும் என்றார் டாக்டர். சாயங்காலம் என்றால் எப்போது, நான் கூப்பிட்டதற்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டாள். அதை எப்படியம்மா சொல்ல முடியும் என்றார் டாக்டர். பாதிரியாரும் அதையேதான் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். கூப்பிட்டபோது அவனுக்கு உயிர் இருந்ததா? இருந்திருந்தால், கோபத்தை விழுங்கிவிட்டு நாலு படி இறங்கியிருந்தால் அவனைக் காப்பாற்றியிருக்கலாம். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

ஒருத்தர் அடைத்த தோட்டாவை இன்னொருத்தர் சுடக் கூடாது என்பது இந்த ஆட்களிடம் பைபிளுக்கு அடுத்தபடியான விஷயம். உள்ளே எவ்வளவு மருந்து போட்டான் என்று போட்டவனுக்குத்தான் தெரியும். யார் முந்திப் போனாலும் மற்றவன் வந்து தோட்டாக்களைப் பிரித்துவிட வேண்டும் என்று ஆர்விட்டும் லயலும் பேசிவைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்த வாரமே லயல் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து, ஐந்து பெட்டித் தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஈயத்தை வாளியில் போட்டான், கருமருந்தை உரமாகட்டும் என்று கோராவின் லைலாக் பூச்செடிக்குக் கொட்டினான். தப்பியது ஒரு அரைப் பெட்டி. அது ஆர்விட்டின் வண்டி இருக்கைக்குப் பின்னால் கிடந்தது. ஏப்ரலில் வண்டியை விற்கப்போன கோரா அதையும் அவன் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு நேரே சுடுதளத்துக்குப் போனாள்.

"குடு, பிரிச்சுடறேன்" என்றான் லயல்.

"பிரிக்க வேணாம். சுடு. அவன் கைபட்டு மிச்சம் இருக்கிறது இதுதான். வீணாப் போக வேணாம்."

"அடுத்தவன் தோட்டாவை நான் சுட மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல, கோரா?"

"அடுத்தவனா? நாப்பது வருஷம் என் வீட்டுச் சாப்பாடு தின்னவன் பேசுற பேச்சாடா இது?"

லயல் ஒரு தோட்டாவை அந்தத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டான். அதன் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆள் இளைத்த மாதிரி தெரிகிறானா என்று பாதிரியார் விசாரித்தார். எடித் என்ற விதவை தன் புருஷன் விட்டுப்போன தோட்டாக்களைக் கொண்டுவந்து சுடச் சொன்னாள். அவன் சோம்பேறி, எல்லாம் கடையில் வாங்கியவை, வெறும் நாற்றம்தான் வந்தது. ஜூனில் லைலாக் பூத்தபோது பூவில் கந்தக வாசனை அடித்தது. மழை பெய்தால் அந்தச் செடி ஆர்விட் மாதிரியே இருமியது. கோரா அதற்குச் சாக்குப் போட்டு மூடினாள்.

அவள் இப்போது சனிக்கிழமை தவறாமல் போனாள். லயல் சுடுவான், புகைக்குள் ஆர்விட் நிற்பான், அந்த ஒரு கேள்வியோடு அவள் ஓடுவாள். சங்கடம் என்னவென்றால், அவன் சுடும்போது மாட்டுகிற காதுமூடியைச் செத்தும் கழற்றவில்லை. இவள் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்கக் கையைத் தூக்குவான். கை காதுக்குப் போவதற்குள் காற்று அவனை அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த அரைப் பெட்டியும் கரைந்து ஒற்றைத் தோட்டாவில் வந்து நின்றது. ஆர்விட்டின் அளவிலேயே, அவன் குழாயிலேயே மருந்து சொரிந்து லயல் தானே ஒன்று அடைத்துப் பார்த்தான். வெறும் புகைதான் வந்தது. அவன் புல்லில் உட்கார்ந்து, "அஞ்சு பெட்டி, கோரா. அஞ்சு பெட்டியைச் செடிக்குக் கொட்டினேனே" என்று அழுதான். கொட்டத்தான் கொட்டினாய், அழுதால் வந்துவிடுமா என்று அவள் எரிந்து விழுந்தாள். அப்புறம் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

காற்று நிற்கிற நாளுக்காக அந்தத் தோட்டாவை வைத்திருந்தார்கள். கோடை முழுக்க நிற்கவில்லை. அக்டோபரில், கோதுமை அறுத்து முடித்த ஒரு புதன்கிழமை காலை, லயல் போன் செய்தான். "கோரா, வெளிய வந்து பாரு. தபால் ஆபீஸ் கொடி தொங்கிப்போய்க் கிடக்கு. கிளம்பு."

வென்டல் கதவைத் திறந்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றான். லயல் சுட்டான். புகை வெள்ளையாகப் பொங்கி எழுந்து அப்படியே நின்றது. நடுவில் ஆர்விட் இருந்தான், சட்டையில் பொத்தான் ஒன்று இல்லை. கோரா ஓடவில்லை, நடந்தே போனாள். அவளைப் பார்த்ததும் அவன் காதுமூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கினான்.

"என்ன?"

"அன்னைக்குச் சாப்பிடக் கூப்பிட்டேனே. உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே" என்றான் ஆர்விட். "இதோ வரேன்னு சொன்னேனே. சத்தமே வரலை, ஆனாலும் சொன்னேன். ஏன், உனக்குக் கேக்கலையா?"

பதினைந்து மாதமாக அவள் பயந்தது எதுவோ அதுதான் நடந்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கவலை தெரிந்தது.

"கேட்டுச்சு" என்றாள்.

"அப்பாடா. பதில் சொல்லலைன்னு கோவிச்சுக்கிட்டியோன்னே நெனச்சிட்டிருந்தேன்."

"இல்லை. கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு."

அவன் தலையாட்டிவிட்டுக் காதுமூடியை இறக்கிவிட்டுக்கொண்டான். புகை தன் போக்கில், அவசரமில்லாமல் மெலிந்தது. கோரா அது முழுக்கத் தீரும்வரை நின்றாள். அவன் நின்ற இடத்தில் புல் மிதிபட்டிருந்தது. முதல் பனி விழுவதற்குள் அதுவும் நிமிர்ந்துவிட்டது.