கப்பலுக்குக் கரண்ட் கொடுத்த காலை

அந்தத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் ஜெனரேட்டரை ஓட்டிப் புகை கக்கக் கூடாது. கரையிலிருந்துதான் கரண்ட். அதற்கான கேபிளை மாட்டிவிடுவது அவள் வேலை. வேலையில் கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம்.

அன்று காலை வந்த சரக்குக் கப்பலின் பெயரை அவள் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். அதில் எலக்ட்ரீஷியன் அவளுடைய அண்ணன். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சர்க்கரை வியாதியில் அப்பாவின் கால் அழுகியபோது அண்ணன் நடுக்கடலில் இருந்தான். டாக்டர் அவசரப்படுத்தினார். அவள் தனியாகக் கையெழுத்துப் போட்டாள். காலை எடுத்துவிட்டார்கள். "நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா உனக்கு?" என்று போனில் கத்தியவன், அதன்பிறகு வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஆனால் கேபிள் மாட்டும்போது கரையும் கப்பலும் வாக்கி-டாக்கியில் பேசியே ஆக வேண்டும்.

"கரையில ரெடி. சுவிட்ச் போடலாமா?" என்று யாரோ மூன்றாம் மனிதரிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"போடலாம்."

போட்டாள். அண்ணன் அங்கே மீட்டர் வைத்துப் பார்த்தான். பிறகு அவன் குரல்: "இந்தக் கரண்டை நான் எடுக்க மாட்டேன். லைன் வரிசை மாறியிருக்கு. எடுத்தா இங்க மோட்டாரெல்லாம் தலைகீழா சுத்தும்."

பழைய கோபத்தை இங்கே வந்து தீர்த்துக்கொள்கிறான் என்று அவளுக்குச் சுருக்கென்றது. "நேத்து வந்த கப்பல் எடுத்துக்கிச்சே. உங்க மீட்டர்ல கோளாறு இருக்கும்."

"இருக்கலாம். எதுக்கும் ஒரு தடவை பாத்துடேன்."

மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, கேபிள் மாட்டும் பெட்டியைத் திறந்தாள். நேற்றைய கப்பல் போன பிறகு மாற்றிய புதுப் பெட்டி அது. அவளே முடுக்கியது. இரண்டு ஒயர்கள் இடம் மாறி இருந்தன. முகம் சூடேறியது. சூப்பர்வைசர் முதல் கிரேன்காரர் வரை எல்லோரும் வாக்கி-டாக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு நம்ம பக்கம்தான். நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

"சரி பண்ணிட்டுக் கூப்பிடு," என்றான் அண்ணன். "அவசரமில்ல."

மறுபடி போட்டபோது எல்லாம் சரியாக இருந்தது. ஜெனரேட்டர் அடங்கியதும், கப்பலுக்குள் சமையல்காரர் யாரையோ திட்டுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

ஷிப்ட் முடிந்து அவள் கிளம்பும்போது அண்ணன் பையோடு படியிறங்கி வந்தான்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"பொய்க்கால் வெச்சிருக்கார். டிவி ரிமோட்டுக்கு என்கூடப் போட்டி போட்டு ஓடி வரார்."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அந்த டாக்டர்கிட்ட நான் பேசினேன். ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தாலும் ஆளே இருந்திருக்க மாட்டாராம்."

"எப்போ பேசின?"

"ஆபரேஷன் முடிஞ்ச அடுத்த வாரமே."

"அடப்பாவி! தெரிஞ்சுமா இத்தனை நாள் வராம இருந்த?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது?"

ஸ்கூட்டரில் இருந்த இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து அவன் நெஞ்சில் அழுத்தினாள். "அதை அப்பாகிட்ட வந்து சொல்லு."

வீட்டுக் கதவைத் திறந்த அப்பா, சுவரைப் பிடித்தபடி மகனை ஏற இறங்கப் பார்த்தார். "ஷூவை வாசல்லயே போட்டுடாதே. நான் தடுக்கி விழுந்தா நீதான் தூக்கணும்."

அண்ணன் ஷூவைக் கழற்றக் குனிந்தான். வெகு நேரம் நிமிரவில்லை. அவள் அதைப் பார்க்காததுபோல் அடுப்படிக்குப் போனாள்.